பீரோ மேல் போகாத கிடார்

பீரோவுக்கு மேல் சூட்கேஸ் இருக்கும். அதற்குப் பக்கத்தில் கொலு பொம்மைப் பெட்டி, கிறிஸ்துமஸ் ஸ்டார், பழைய மிக்ஸி என்று வீட்டுக்கு வீடு ஒன்று மாறும். சில வீடுகளில் இவற்றோடு ஒரு கிடாரும் படுத்திருக்கும். கறுப்பு உறை, பாதி திறந்த ஜிப், மேலே விரல் கனத்துக்குத் தூசி. எட்டாவது படிக்கும்போது பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது, போனஸ் பணத்தில் அப்பா வாங்கித் தந்தது. மூன்று வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு வரலைம்மா” என்று பிள்ளை வைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதைக் கீழே இறக்கவில்லை.

போன பணம் ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், தனக்கு இசை வராது என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டது. பல நேரங்களில் பிள்ளைமேல் குற்றமே இருக்காது. கைக்கு அடங்காத உடம்பு, விரலை அறுக்கும் தந்தி, வீட்டில் வைக்க இடமில்லாத நீளம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்பே சரிபார்த்துவிடலாம்.

மணலி புதுநகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மணலித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. இரண்டு அறை வீடு. மகளுக்கு 13 வயது. லீவு விட்டால் தூத்துக்குடிப் பக்கம் தாத்தா வீட்டுக்கு ரயிலில் போவார்கள், அங்கேயும் கிடாரை எடுத்துப்போக வேண்டும் என்கிறாள். மேடை ஏறும் ஆசையெல்லாம் இப்போதைக்கு இல்லை. சாயங்காலம் நாலு பாட்டு வாசிக்க வேண்டும், சித்தி பிள்ளைகளோடு சேர்ந்து பாட வேண்டும், அவ்வளவுதான். கையில் இருப்பது 8,000 ரூபாய். இந்த வீட்டுக்கு ஏற்றது சின்னக் கிடார்தான். அதில் எது, ஏன் என்பதைப் பார்த்து வாங்கினால் 8,000 ரூபாய் வீணாகாது.

சின்னது என்றால் பொம்மையா?

“பெரிசா வாங்கிட்டா வளர்ந்தப்புறமும் உதவும்” என்பது சட்டை வாங்கும் கணக்கு. கிடாருக்கு அது பொருந்தாது. கடையில் நீளமாக, அகலமாகத் தொங்கும் கிடாரைப் பார்த்து, அதுதான் உண்மையான கிடார், மற்றதெல்லாம் குழந்தைகளுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாசிக்கப்பட்ட கிடார்கள் இன்றைய கண்ணுக்குச் சிறியவைதான். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து நாலு பேருக்கு வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அந்த முன்னறையின் பெயராலேயே ‘பார்லர் கிடார்’ என்று இன்றும் ஒரு வகை உண்டு. பெரிய உடம்பு வந்தது பிறகுதான். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-ல் ஓர் அகலமான மாதிரியைச் செய்தது. 1906-ல் பிரிட்டிஷ் கடற்படை இறக்கிய ‘டிரெட்நாட்’ என்ற ராட்சதப் போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று கடைகளில் அதிகம் விற்கும் அகலக் கிடாருக்கு டிரெட்நாட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பெரிய கூட்டத்தில், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்க வேண்டும் என்றால் அந்த அகலம் உதவும். இரண்டு அறை வீட்டுக்கு அந்தச் சத்தம் தேவையில்லை.

சின்னக் கிடாரோடு பெரிய மேடை ஏறியவர்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் சென்னை நந்தனத்தில் பாடிய எட் ஷீரன் பெயரெடுத்ததே மார்ட்டின் நிறுவனத்தின் சின்ன மாடல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான். விண்வெளிக்கும் போயிருக்கிறது. துடுப்பு மாதிரி ஒல்லியான மார்ட்டின் ‘பேக்பேக்கர்’ 1994-ல் கொலம்பியா விண்கலத்தில் பயணம் செய்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013-ல் பாடியபோது அவர் கையில் இருந்தது ஒரு பார்லர் கிடார்.

இன்ச் கணக்கில் ஏமாற வேண்டாம்

கடையில் “34 இன்ச், 36 இன்ச், 38 இன்ச், 41 இன்ச்” என்பார்கள். இது தலையிலிருந்து அடி வரையிலான மொத்த நீளம். பையில் நுழையுமா, பரணில் நிற்குமா என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு போதும். விரலுக்கு வேண்டிய கணக்கு வேறு. கழுத்தின் மேல் முனையில் தந்திகள் உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு ‘நட்’ என்று பெயர். உடம்பில் தந்திகள் உட்காரும் துண்டு ‘சேடில்’. இந்த இரண்டுக்கும் நடுவில் அதிரும் தந்தியின் நீளத்தைத்தான் ‘ஸ்கேல்’ என்பார்கள்.

அதை அளக்க ஒரு தையல் டேப் போதும். நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் கம்பி வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். முழு அளவு கிளாசிக்கல் கிடாரில் 32.5 செ.மீ. வரும், அதாவது ஸ்கேல் 65 செ.மீ. முழு அளவு எஃகுத் தந்தி கிடார்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான், ஒன்றிரண்டு செ.மீ. கூடக் குறைய இருக்கும். ‘முக்கால் சைஸ்’ எனப்படும் யமஹா ஜே.ஆர். வரிசைக் கிடாரில் 27 செ.மீ. வரும், ஸ்கேல் 54 செ.மீ. முக்கால் சைஸ் என்றாலும் நீளம் முக்கால்வாசியாகக் குறைவதில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இந்த 11 செ.மீ. வித்தியாசம் கைக்கு எப்படித் தெரியும்? முதல் கட்டத்தின் அகலம் முழு அளவில் சுமார் 36 மி.மீ., முக்கால் அளவில் சுமார் 30 மி.மீ. ஒரு கார்டு பிடிக்க மூன்று, நான்கு விரல்களை ஒரே நேரத்தில் விரிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சமாகும் அந்த 6 மி.மீ. 13 வயதுக் கைக்குப் பெரிய உதவி. கை சிறிதாக உள்ள பெரியவர்களுக்கும் அப்படியே.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தெரிந்தவர் யாரிடமாவது முழுக் கிடார் இருந்தால், 3-வது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டித் தரச் சொல்லுங்கள். 65 செ.மீ. தந்தி அப்போது ஏறக்குறைய 54.7 செ.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட முக்கால் சைஸின் அளவு. கேப்போ இல்லாமல் ஒரு முறை, மாட்டி ஒரு முறை அதே கார்டைப் பிடித்துப் பார்த்தால் எந்த அளவு வேண்டும் என்று பிள்ளையின் விரலே சொல்லிவிடும்.

கிடைப்பதும் இழப்பதும்

நீளம் குறைந்தால் தந்தியின் இழுவையும் குறையும். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவை மாறும். 65 செ.மீ. ஸ்கேலிலிருந்து 54-க்கு வந்தால் இழுவை சுமார் 30 சதவீதம் குறைகிறது. புதிதாக வாசிப்பவரின் விரல் நுனிக்கு இது பெரிய நிம்மதி.

அதே காரணத்தால் சில குறைகளும் வரும். தந்தி தளர்வாக இருப்பதால் ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் மோதி ‘ஜிர்ர்’ என்று அதிரும். சுருதி சீக்கிரம் நழுவும். விரலை அழுத்தும்போது கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலும் ஸ்வரம் பிசகும். உடம்பு சின்னது என்பதால் அடித்தந்தியின் கனம் குறைவாக ஒலிக்கும். ஒரு படி தடித்த தந்தி செட் மாட்டினால் இவற்றில் பாதி சரியாகிவிடும். மீதியைச் சின்னக் கிடாரின் குணம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

சந்தையில் கிடைக்கும் சின்னக் கிடார்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கிடாலெலே. யுகுலேலே போன்ற உருவத்தில் ஆறு தந்திகள். யமஹாவின் ஜி.எல்.1 இதில் பிரபலம். ஸ்கேல் 43.3 செ.மீ., மொத்த நீளமே 70 செ.மீ.தான். பள்ளிப் பைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இதன் சுருதி சாதாரணக் கிடாரைவிட ஐந்து அரைஸ்வரம் மேலே இருக்கும், முழுக் கிடாரில் 5-வது ஃப்ரெட்டில் கேப்போ போட்டது போல. ‘ஜி’ கார்டின் பிடியைப் பிடித்தால் ‘சி’ கார்டு ஒலிக்கும். தனியாகப் பாடிக்கொள்ளச் சிக்கல் இல்லை. வகுப்பில் பத்துப் பேரோடு சேர்ந்து வாசித்தால் இவளுடையது மட்டும் தனியே ஒலிக்கும். முதல் கிடாராக இல்லாமல், ஏற்கெனவே வாசிப்பவருக்குப் பயணத் துணையாக வாங்கலாம்.

இரண்டாவது, முக்கால் சைஸ் அல்லது 34 முதல் 36 இன்ச் வரையிலானவை. சுருதி, கார்டு, பாடம் எல்லாம் பெரிய கிடார் போலவே. உள்ளூர்ப் பெயர்களில் 5,000 ரூபாயை ஒட்டியும், பெரிய நிறுவனங்களில் 10,000 ரூபாயை ஒட்டியும் கிடைக்கும். நம் குடும்பத்தின் 8,000 ரூபாய்க்கு இந்த வரிசைதான் சரி.

மூன்றாவது, டெய்லர் ஜி.எஸ். மினி போன்ற ‘மினி’ கிடார்கள். ஸ்கேல் சுமார் 60 செ.மீ., உடம்பும் கொஞ்சம் பெரிது. ஒலி நன்றாக நிறைந்திருக்கும். விலை அரை லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். இரண்டு வருடம் விடாமல் வாசித்த பிறகு யோசிக்க வேண்டியது.

நைலானா, எஃகா?

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் தூங்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் எஃகுத் தந்தியை பிக் வைத்து அடித்தால் அடுத்த வீடு வரை கேட்கும். “அப்பா தூங்குறாரு, எடுத்து வை” என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தால், கிடார் தானாகவே பீரோ மேல் போய்விடும். இந்த வீட்டுக்கு நைலான் தந்திதான் நல்ல தேர்வு. பிக் இல்லாமல் கட்டை விரலால் மீட்டினால் அடுத்த அறையில் தூங்குபவருக்குத் தொந்தரவு இருக்காது. இன்னும் குறைக்க வேண்டுமா? சேடிலுக்குப் பக்கத்தில், தந்திகளுக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினால் போதும்.

நைலான் விரலுக்கும் மென்மை. முழு அளவு கிடாரில் ஒரு சாதாரண எஃகுத் தந்தி செட்டின் மொத்த இழுவை 70 கிலோவை ஒட்டி இருக்கும். நைலானில் அதில் பாதிக்குச் சற்று மேலே, 40 கிலோ அளவில்தான். ஆனால் நைலான் கிடாரின் கழுத்து கொஞ்சம் அகலம், பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை. நைலானுக்காகச் செய்த கிடாரில் எஃகுத் தந்தி மாட்டக் கூடாது. அந்த இழுவையைத் தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம், கழுத்து வளையலாம்.

நைலான் என்றால் ஆரம்பப் பாடத்துக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கிளாசிக்கல் கிடாரே நைலான் தந்திதான். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றது இந்த கிளாசிக்கல் கிடாரில்தான்.

சர்ச் கொயரில், நண்பர்கள் கூட்டத்தில் தாளம் போட்டு வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் எஃகுத் தந்தி எடுக்கலாம். அப்போதும் மெல்லிய ‘எக்ஸ்ட்ரா லைட்’ அல்லது ‘லைட்’ செட்டில் ஆரம்பிப்பது நல்லது.

கடையில் பத்து நிமிடம்

முதல் கிடாரை ஆன்லைனில் படம் பார்த்து வாங்குவதைவிடக் கடைக்குப் போய் வாங்குவது நல்லது. மணலி புதுநகரிலிருந்து விம்கோ நகர் வந்து மெட்ரோ ஏறினால் அண்ணா சாலை பக்கம் இறங்கிவிடலாம். 1842-ல் மிஸ்குயித் கம்பெனியாகத் தொடங்கி இன்றும் அந்தச் சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் முதல் சின்னக் கடைகள் வரை சென்னையில் தேர்வு நிறைய. எந்தக் கடையானாலும் சோதனை ஒன்றுதான். வாசிக்கத் தெரியாதவரும் செய்யலாம்.

ஒன்று, தந்தியின் உயரம். இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் சுமார் 3 மி.மீ. உயரம் வரும். 12-வது ஃப்ரெட் கம்பியின் மேல் அதை வைத்து, தடித்த தந்திக்குக் கீழே நுழைத்துப் பாருங்கள். எஃகுத் தந்திக் கிடாரில் அந்த இரண்டு நாணயமும் நுழைந்து, மேலே இன்னும் இடமும் இருந்தால் உயரம் அதிகம். நைலானுக்கு மூன்று நாணயம் வரை பரவாயில்லை. முதல் மூன்று வாரத்தில் பிள்ளையை விரட்டும் முக்கியமான குறை இதுதான்.

இரண்டு, கழுத்து நேராக இருக்கிறதா? கிடாரைத் துப்பாக்கி மாதிரிக் கண்ணுக்கு நேரே பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தாலோ வில் போல் வளைந்திருந்தாலோ வேண்டாம். கழுத்துக்குள் சரிசெய்யும் ‘ட்ரஸ் ராட்’ இருக்கிறதா என்றும் கேளுங்கள். எஃகுத் தந்தி என்றால் அது இருப்பது நல்லது. நைலான் கிடார்கள் பலவற்றில் அது இருக்காது, அது குறையும் இல்லை.

மூன்று, ஸ்வரம் சரியா? போனில் இலவச ட்யூனர் ஆப் போட்டு, தந்தியை முதலில் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே தந்தியை 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் ஆப் அதே எழுத்தைக் காட்ட வேண்டும், முள்ளும் நடுவை ஒட்டி நிற்க வேண்டும். ரொம்ப விலகினால் எவ்வளவு வாசித்தாலும் பாட்டு அபஸ்வரமாகத்தான் கேட்கும். பிள்ளை தன் காதைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

நான்கு, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்காவது சத்தம் செத்துப்போனால், கரகரத்தால் கேள்வி கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் கம்பியின் முனை குத்தினால், அது தினமும் குத்தும்.

ஐந்து, பிரிட்ஜ் உடம்போடு ஒட்டியிருக்கிறதா? பின்பக்க இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அந்த பிரிட்ஜ் பெயர ஆரம்பித்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதை மறக்கவே கூடாது.

உயரம் அதிகமாக இருந்தால் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

“அண்ணே, ஸ்ட்ரிங் ரொம்ப ஒசரமா இருக்கே.”

“புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். வாசிக்க வாசிக்க விரல் பழகிடும்.”

“விரல் பழகிடும்ணே, சரி. ஸ்ட்ரிங் தானா எறங்குமா? கொஞ்சம் செட்டப் பண்ணிக் குடுங்க, காசு தரேன்.”

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். விரல் நுனித் தோல் சில வாரங்களில் தடிப்பது உண்மை. தந்தி தானாக இறங்காது என்பதும் உண்மை. சேடிலின் அடிப்பகுதியைத் தேய்த்து, நட்டின் பள்ளத்தைச் சரிசெய்து உயரத்தை இறக்கும் வேலைக்குத்தான் ‘செட்டப்’ என்று பெயர். சில நூறு ரூபாயிலிருந்து ஆகும். செட்டப் செய்த 5,000 ரூபாய்க் கிடார், செய்யாத 10,000 ரூபாய்க் கிடாரைவிட வாசிக்கச் சுகமாக இருக்கும்.

கடற்காற்றும் வெள்ளமும்

மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கம் கடற்காற்றில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மேல்பலகை மேடாகும், தந்தியின் உயரம் ஏறும். ஒரே பலகையில் செய்த ‘சாலிட் டாப்’ கிடார் நல்ல ஒலி தரும். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தை அது அதிகம் காட்டும். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த ‘லேமினேட்’ கிடாரின் ஒலி ஒரு படி குறைவுதான், ஆனால் ஈரத்தைத் தாங்கும். கடலோர வீட்டில் வைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் எடுத்துப்போகப் போகும் முதல் கிடாருக்கு லேமினேட் போதும்.

உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடைத்துவிடுங்கள், அரை நிமிட வேலைதான். மருந்து டப்பா, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் கிடார் பையில் போட்டு வைக்கலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றைக் கைக்கு எட்டாத பாக்கெட்டில் வையுங்கள்.

வெயிலும் எதிரிதான். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் கோடையில் வைத்தால் பசை இளகும். தரைத்தள வீடு என்றால் தண்ணீர் இன்னொரு கவலை. 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகர்த் தெருக்களுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி நேரத்தில் ரேஷன் கார்டு, சர்டிபிகேட், மருந்துதான் முதலில். கிடார் பிறகுதான். ஆனால் சுவரில் நெஞ்சு உயரத்தில் கொக்கி அடித்து மாட்டிய சின்னக் கிடாரை, மாடி வீட்டுக்கு ஓடும்போது ஒரு தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கட்டிலுக்கு அடியில் கிடப்பதுதான் முதலில் நனையும்.

ரயிலில், பஸ்ஸில்

ரயிலில் பயணியோடு எடுத்துச்செல்லும் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று ரயில்வே ஓர் அளவு வைத்திருக்கிறது. முழு அளவு கிடார் பையோடு சேர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். முக்கால் சைஸ் கிடார் சுமார் 85 செ.மீ.தான், பையோடும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஸ்லீப்பரில் மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். கீழே வைத்தால் யாராவது சூட்கேஸைத் தள்ளும்போது இடிபடும். பேக் பேக் மாதிரி இரண்டு தோள்பட்டையும், உள்ளே ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சும் உள்ள பை வாங்குங்கள். கிடாருடன் இலவசமாக வரும் மெல்லிய உறை தூசியைத் தடுக்கும், இடியைத் தடுக்காது.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் பொன்னேரி நெடுஞ்சாலையில் டூவீலரில் போகிறவர்கள் கிடாரைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு போவது ஆபத்து. சின்னக் கிடாராக இருந்தாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் அணைத்தபடி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

விமானத்தில் போவதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் இசைக்கருவி விதியைப் படித்துவிடுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2008-ல் அமெரிக்கப் பயணம் ஒன்றில் சரக்கோடு ஏற்றப்பட்ட தன் கிடார் உடைந்துபோக, கனடாப் பாடகர் டேவ் கேரல் அதையே பாட்டாக்கி 2009-ல் இணையத்தில் வெளியிட, உலகமே அதைக் கேட்டது. எல்லாருக்கும் அப்படி நியாயம் கிடைக்காது. கிடாரை உங்களோடு வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

8,000 ரூபாயைப் பிரிப்பது எப்படி?

மொத்தப் பணத்தையும் கிடாருக்கே கொடுத்துவிட்டால் மற்றதற்குக் கையைப் பிசைய வேண்டியிருக்கும். 5,500 முதல் 6,000 வரை கிடாருக்கு வையுங்கள். மீதி 2,000-த்தில் செட்டப், பஞ்சு வைத்த பை, ஒரு உபரி தந்தி செட், சுவர்க் கொக்கி. ட்யூனருக்குத் தனியே செலவு வேண்டாம், போன் ஆப் போதும். கேப்போ பிறகு வாங்கிக்கொள்ளலாம். நிறம், பளபளப்பு, மேலே ஒட்டிய டிசைன் இவற்றுக்காக 500 ரூபாய் கூடக் கேட்டால் அந்த 500-ஐ செட்டப்புக்குக் கொடுங்கள்.

பிராண்டு குறித்து அதிகம் குழம்ப வேண்டாம். பழைய தலைமுறைக்குத் தெரிந்த கொல்கத்தாவின் கிவ்சன், ஹோப்னர் முதல், 2019-லிருந்து காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலிலேயே கிடார் செய்யும் யமஹா வரை, இந்தியாவிலேயே செய்யப்படுபவை பல உண்டு. ஒரே பிராண்டு, ஒரே மாடலில் கூட இரண்டு கிடார் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடையில் இருக்கும் இரண்டு மூன்றை இறக்கச் சொல்லி, நாணயத்தை வைத்துப் பார்த்து, நல்லதை எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கிடார் வீட்டுக்கு வந்ததும் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். டி.வி.க்குப் பக்கத்துச் சுவர், படிக்கும் மேஜைக்கு மேலே என்று பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும், ஜிப் திறக்க வேண்டியிருக்கக் கூடாது. ஸ்கூல் விட்டு வந்து டீ ஆறும் நேரத்தில் ஐந்து நிமிடம், பவர் கட்டில் பத்து நிமிடம் என்று சேரும் நேரம்தான் விரலைப் பழக்கும். முதல் மாதம் முழுப் பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு கார்டு தடங்கலில்லாமல் மாறினாலே, “அட, வந்துருச்சே!” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லுங்கள். அடுத்த மாதமும் கிடார் சுவரிலேயே இருக்கும்.